இருபத்து மூன்றாவது சொட்டுவான்

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குக் காலில் வேர் விட்டது வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு. நேரத்தை இத்தனை துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அவர் வீட்டுத் தோட்டத்தில் பொருத்தியிருந்த டைமர்தான். அது ஆறு மணிக்கு ‘டக்’கென்று திறந்து செடிகளுக்குத் தண்ணீர் விடும், ஆறு இருபதுக்கு ‘டக்’கென்று மூடும், அந்த இரண்டாவது ‘டக்’ கேட்டதும் அவர் இட்லி சாப்பிட நாற்காலியிலிருந்து கிளம்பப் பார்த்தார், கால் இரண்டும் வரவில்லை, அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தால் இதைப் பெரிய சங்கதியாக்கி டிவிக்காரர்களை வரவழைத்திருப்பார்கள். எங்கள் சிவஞானபுரம் காலனி விருதுநகருக்குத் தெற்கே, கரிசல் காட்டை அளந்து கல் ஊன்றி மனை போட்ட இடம். இங்கே தெருக்குழாயில் தண்ணீர் வந்தால்தான் வாயைப் பிளப்போம், மற்றதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று இருந்துவிடுவோம். ஒரு மனிதருக்கு வேர் விட்டதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் கவலையெல்லாம் வேறு: அவர் பெண்சாதி வடிவு மதினி இனி எப்படிக் குற்றாலம் போவார்?

சண்முகவடிவு மதினி கல்யாணமான வருஷம் ஒரே ஒரு முறை ஐந்தருவியில் குளித்தவர். அந்தத் தண்ணீர் தலையில் விழுந்த சத்தம் முப்பத்தொரு வருஷமாகியும் காதைவிட்டுப் போகவில்லை என்பார். தங்கை உலகம்மாளைத் தென்காசியிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆனி பிறந்து மேற்கே மேகம் கறுத்ததும் “சாரல் விழுதுக்கா, வந்து பத்து நாள் இருந்து குளிச்சிட்டுப் போ” என்று போன் வந்துவிடும், மதினியும் “இந்த வருஷம் வந்துர்றேன்” என்பார், பிறகு தோட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார், போகமாட்டார். வீட்டைச் சுற்றியிருந்த கையகல மண்ணில் மல்லிகையும் கனகாம்பரமும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கத்தரியும் மருதாணியும் பதினெட்டு வருஷமாக அவர் கை வாளியை நம்பியே உயிர் வைத்திருந்தன. ஒரு தடவை சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் போனபோது, அண்ணாச்சி எந்தச் செடிக்கு எத்தனை மணிக்கு எத்தனை செம்பு என்று பச்சை மையில் கட்டம் போட்டு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். எழுதிய களைப்பில் தண்ணீர் ஊற்ற மறந்துபோனார். திரும்பிவந்த மதினி காய்ந்துபோன மல்லிகையையும் சுவரில் பளபளத்த பச்சை மையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வெளியூரில் இரவு தங்கியதே இல்லை.

இந்த வருஷம் பங்குனியில்தான் ஜாபரைக் கூட்டிவந்தார். ஜாபர் சுற்றுவட்டாரத்தில் சொட்டுநீர் போட்டுக்கொடுக்கிற ஆள். மாடித் தொட்டியிலிருந்து கறுப்புக் குழாய் இறங்கித் தோட்டத்தைச் சுற்றி ஓடும், செடிக்கு ஒன்றாகச் சொட்டுவான் என்ற சின்னக் குமிழை அதில் சொருகிவிட்டால் சொட்டுச் சொட்டாக வேரில் விழும், டைமர் தானே திறந்து தானே மூடும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதே இல்லை என்று ஜாபர் விளக்கினான். அந்தக் கடைசி வாக்கியத்தை மதினி இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

“மொத்தம் எத்தனை செடி?” என்று கேட்டான் ஜாபர்.

தப்பு நடந்தது அங்கேதான். அண்ணாச்சி புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்து ஆடு, மாடு, கிணறு, வேப்பமரம் எல்லாவற்றையும் எண்ணியவர். அவர் எண்ணியதை மறுபடி எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரமில்லாததால் ஒரு தடவைகூடத் தப்பாகாதவர். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் விரலை நீட்டி ஒரு சுற்று எண்ணிவிட்டு, “இருபத்து மூணு” என்றார்.

“இருபத்து ரெண்டு,” என்றார் மதினி அடுக்களைக்குள் இருந்தபடியே.

“இருபத்து மூணு.”

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், ஒவ்வொரு செடியாகத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். “இருபத்து ரெண்டுதாங்க. பதினெட்டு வருஷமா ஊத்துறவ நானு, எனக்குத் தெரியாதா?”

“ஊத்துறது வேற வடிவு, எண்ணுறது வேற.”

புருஷன் பெண்சாதி சண்டையில் தலையிட்டு எவனும் முன்னுக்கு வந்ததில்லை என்று தெரிந்த ஜாபர் பேசாமல் இருபத்து மூன்று துளை போட்டான். இருபத்திரண்டு சொட்டுவான்கள் இருபத்திரண்டு செடிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இருபத்து மூன்றாவது, குழாயின் கடைசிக் கோடியில், அண்ணாச்சியின் நாற்காலிக்கு முன்னால் வெறுந்தரையில் வந்து நின்றது. “இதை எங்க வைக்க அண்ணாச்சி?” என்று ஜாபர் தலையைச் சொறிந்ததற்கு, “அங்கனயே இருக்கட்டும். செடி இல்லாமயா நான் எண்ணுவேன்?” என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் தண்ணீர் சொட்டியது. “சேறாகுது, நாற்காலிய ஒரு அடி தள்ளிப் போடுங்க” என்று மதினி சொன்னார். ஒரு அடி தள்ளிப் போட்டால் இருபத்திரண்டு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே அவர் தள்ளிப் போடவில்லை. செருப்பைக் கழற்றினார், வேட்டியை முழங்காலுக்கு ஏற்றினார், பாதம் இரண்டையும் அந்த ஈரக் கரிசலில் பதித்துக்கொண்டு பேப்பர் படித்தார், “குளுகுளுன்னுதான் இருக்கு” என்றார், அடுத்த நாளும் அதையே செய்தார், அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார், இப்படியே நாற்பத்தொரு நாள் போயிற்று, நாற்பத்திரண்டாவது நாள் வியாழக்கிழமை.

மதினி குனிந்து பார்த்தார். குதிகாலிலிருந்தும் கட்டைவிரலிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

“வேரு,” என்றார் மதினி.

“நான் சொன்னேன்ல, இருபத்து மூணுன்னு,” என்றார் அண்ணாச்சி.

மருத்துவர் ஒருவர் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், முன்னைவிட நன்றாக இருக்கிறார் என்றும் முழங்காலுக்குக் கீழே உள்ளது தன் இலாகா இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கணுக்காலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பச்சை தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார், ஆணிவேர் இறங்கிவிட்டது, இனி பிடுங்கி நட்டால் பிழைக்காது என்றார், கணுக்காலுக்கு மேலே உள்ளது தன் இலாகா இல்லை என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த பாகத்தைக் காலனி எடுத்துக்கொண்டது.

முதல் வாரம் நாங்கள் பார்க்கப் போனோம், இரண்டாவது வாரம் யோசனை சொல்லப் போனோம், மூன்றாவது வாரம் போவதை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலாகவே பேசிக்கொண்டோம். வேப்பம்புண்ணாக்கு வைக்கலாம் என்றார் ஒருவர், மாவுப்பூச்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் இன்னொருவர், மதினி எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டுத் தன் போக்கில் எதையோ செய்தார். சோறு தண்ணீர் அண்ணாச்சிக்கு மெல்ல மெல்லத் தேவைப்படாமல் போயிற்று, காபி மட்டும் விடவில்லை. மதினி அதை நன்றாக ஆற்றி, சூடு பட்டு வேர் வெந்துவிடாதபடி பார்த்து, காலடியில் ஊற்றுவார், அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு “சீனி கம்மி” என்பார். ஒரு நாள் அவர் எழுந்து நின்றார், நின்றது சௌகரியமாக இருந்ததால் அப்புறம் உட்காரவில்லை, நாற்காலி பக்கத்தில் சும்மா கிடந்தது. காதோரம் துளிர் விட்டது. அது வேம்பா புங்கையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம், இலை பெரிதானபோது இரண்டுமே இல்லை என்று தெரிந்தது, அது அண்ணாச்சிதான் என்று முடிவு செய்து விட்டுவிட்டோம்.

பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று வாங்க ஆள் வந்தபோது கைரேகை பதியவில்லை. வந்தவர் கொஞ்சம் யோசித்து, ‘உயிருடன் உள்ளார், முகவரி மாற வாய்ப்பில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். காலனி சங்கக் கூட்டத்தில் செயலாளர் பொன்னுச்சாமி, சுற்றுச்சுவரைத் தாண்டும் கிளைகளை வெட்ட வேண்டும் என்ற நம் விதி அண்ணாச்சிக்குப் பொருந்துமா என்று கேட்டார். பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் எழுந்து, இலை தன் வாசலில்தான் உதிர்கிறது, கூட்டுகிறவளுக்கே கஷ்டமில்லை, மற்றவர்கள் உட்காரலாம் என்றார். பொம்பளைகள் இரண்டு பேர் மஞ்சள் கயிறு கட்டிச் சுற்றிவரலாமா என்று கேட்டுப் போனார்கள். “அவருக்கு ஏற்கெனவே நான் இருக்கேன்” என்று மதினி சொன்னதும் திரும்பி வந்துவிட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது ஆனி பிறந்தது, மேற்கே மேகம் கறுத்தது, போன் வந்தது. உலகம்மாள் பேசவில்லை, அருவிக்கு முன்னால் நின்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மதினி அதைக் காதில் வைத்தபடி கொடியில் காய்ந்த துணியைக்கூட எடுக்காமல் வெகுநேரம் நின்றதை நாங்கள் பார்த்தோம்.

பார்த்தால் பேசாமல் இருக்க முடியுமா? பொன்னுச்சாமிதான் ஆரம்பித்தார். “செடியை விட்டுட்டுப் போகலாம் மதினி, ஊரு உலகத்துல எல்லாரும் போறதுதான். கட்டின புருஷனை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படி?”

“அவுக செடியா, புருஷனா?” என்று கேட்டார் மதினி.

பொன்னுச்சாமி எங்களைப் பார்த்தார். நாங்கள் பொன்னுச்சாமியைப் பார்த்தோம்.

“செடின்னா தண்ணி போதும், அதுக்குத்தான் டைமர் இருக்கு. புருஷன்னா பஸ் ஏறட்டும், நான் ஜன்னலோரம் விட்டுத் தர்றேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

சங்க விதிகளில் இதற்குப் பதில் இல்லை. நாங்கள் ஆளுக்கொரு நாள் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களை எங்களுக்குத் தெரியும், அவர் ஊற்றியிருப்பார் என்று இவரும் இவர் ஊற்றியிருப்பார் என்று அவரும் இருந்துவிடுவோம், அண்ணாச்சிக்கும் அந்த மல்லிகையின் கதிதான் ஆகும்.

அன்று சாயந்திரம் மதினி அண்ணாச்சிக்கு முன்னால் போய் நின்றதையும் கேட்டோம். சுவர் உயரம் குறைவு, நாங்கள் என்ன செய்வது.

“போயிட்டு வரட்டா?”

அண்ணாச்சி பேப்பரைத் திருப்பினார். “அணில் குழாயைக் கடிச்சா?”

“கடிக்காது.”

“டைமர்ல பேட்டரி தீர்ந்துபோனா?”

“ஆறு மாசம் வரும்னு ஜாபர் சொன்னான்.”

“நான் இருபத்து மூணாவது வடிவு. கடைசிக் கோடி. மத்ததெல்லாம் குடிச்சது போக மிச்சம்தான் எனக்கு. தொட்டியில தண்ணி குறைஞ்சா மொதல்ல நிக்கிறது எனக்குத்தான்.”

“அப்ப போகாதேங்கீங்களா?”

“நான் எங்க சொன்னேன்? நடக்க வாய்ப்புள்ளதச் சொன்னேன்.”

“அப்ப போகச் சொல்லுங்க.”

அண்ணாச்சி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மதினியை ‘போ’ என்றோ ‘போகாதே’ என்றோ ஒரு தடவையும் சொன்னதில்லை. மதினி எங்கே போகக் கேட்டாலும் ஒரு ‘ஆனால்’ சொல்வார், அந்த ஆனாலில் தடுக்கி மதினி உட்கார்ந்துவிடுவார். இந்த முறையும் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே போய் ஜாபரைக் கூட்டிவந்தார்.

ஜாபர் குழாயை ஒரு இடத்தில் அறுத்தான், சுற்றிவிட்டான், புதிதாக இணைத்தான். மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் அண்ணாச்சியிடம் வந்து, அவர் குடித்த பிறகு கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் போகும்படி ஆயிற்று. அண்ணாச்சி இதையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நான் ஒண்ணாம் நம்பரா?” என்றார். குரலில் கொஞ்சம் கலக்கம் இருந்தது, எண்ணை மாற்றினால் யாருக்கும் இருக்கத்தானே செய்யும்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் மதினி கிளம்பினார். மஞ்சள் பையில் சீயக்காய்த் தூளும் நல்லெண்ணெய்ப் புட்டியும் நாலு சேலையும். பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார், குழாயின் வடிகட்டியைக் கழற்றி அலசி மாட்டினார், அண்ணாச்சியின் தோளில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டார். “பன்னெண்டு நாள்,” என்றார், கேட்டைச் சாத்திக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காலனியில் பாதிப் பேர் அந்தச் சுவரோரம் பல்குச்சியும் பிரஷ்ஷுமாக நின்றோம். டக். தண்ணீர் அண்ணாச்சியின் காலடியில் சொட்டியது, பிறகு கறிவேப்பிலையில், பிறகு மல்லிகையில், இப்படி இருபத்து மூன்றும் முடிந்து ஆறு இருபதுக்கு டக். எல்லாம் சரியாக நடந்துவிட்டதில் எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது, அதை மறைத்துக்கொண்டு கலைந்தோம்.

நாலாவது நாள் ரெஜினா டீச்சர்தான் முதலில் கவனித்தார். “அண்ணாச்சி, ஒரு பக்கமாச் சாயிறீங்களே?”

“யாரு, நானா? நான் நேராத்தான் நிக்கிறேன். உங்க காம்பவுண்டு சாஞ்சிருக்கு.”

ஆறாவது நாள் பொன்னுச்சாமி டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். நாலு விரற்கடை. எட்டாவது நாள் முக்கால் சாண். வேளாண்மைக்காரரை மறுபடி அழைத்தோம். செடி வெளிச்சம் இருக்கும் பக்கம் சாய்வது இயற்கை, ஒன்றும் பயமில்லை என்று ஆரம்பித்தவர், அண்ணாச்சி சாய்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். அது வடக்கு. அங்கே எதிர்வீட்டு மாடியின் நிழல்தான் நாள் முழுக்க விழும், வெளிச்சம் கிடையாது. அந்தப் பக்கம் இருந்தது கேட் மட்டும்தான்.

பொன்னுச்சாமி ஒரு சவுக்குக் கம்பைக் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கப் பார்த்தார். “எடுத்துட்டுப் போங்க இத! எனக்கு எதுக்கு முட்டு?” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் இரண்டு இலை உதிர்ந்தது.

மதினியிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஒன்பதாவது நாள் ரெஜினா டீச்சர் போன் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். அந்தப் பக்கம் முதலில் தண்ணீர் இரைச்சல், அதற்குள்ளிருந்து மதினியின் குரல். டீச்சர் வாயைத் திறந்தார், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, “குளிச்சீங்களா அக்கா?” என்றார்.

“தெனமும் ரெண்டு வேளை டீச்சர்! அருவிக்குள்ள போய் நின்னா பூமி எங்க இருக்குன்னே தெரியல. உலகு இழுத்துட்டு வரணும் என்னய!” என்று சொல்லி மதினி சிரித்தார். பதினெட்டு வருஷமாக அவர் பக்கத்தில் இருக்கிறோம், அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. “அவுக எப்படி இருக்காக?” என்று கேட்டார். “நேரா நிக்கிறாக,” என்று டீச்சர் பொய் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக எங்களிடம் சொன்னார்.

சொன்னபடி பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் மதினி வந்து ஆட்டோவில் இறங்கினார். தலைமுடி ஈரம் காயாமல் முதுகில் கிடந்தது. கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். அண்ணாச்சி இடுப்புக்கு மேலே ஒரு முழத்துக்குக் குறையாமல் கேட்டுப் பக்கம் வளைந்து, விழாமல் எப்படி நிற்கிறார் என்றே தெரியாமல், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இப்படிச் சாஞ்சிருக்கீங்க?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.” பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். “பன்னெண்டு நாள்னு சொல்லிட்டுப் போன.”

“இன்னைக்குப் பன்னெண்டுதானே.”

“பதிமூணு.”

நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணினோம். காலண்டரைக் கிழித்தவர்களைக் கேட்டோம். எப்படி எண்ணினாலும் பன்னிரண்டுதான் வந்தது. மதினி ஒவ்வொரு செடியாகத் தொட்டு எண்ணுகிறவர், ஒன்று கூடினாலும் விடமாட்டார், இதோ ஆரம்பிக்கப் போகிறது என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

மதினி அவர் வளைந்து நின்றதையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சரி, பதிமூணு,” என்றார்.

அதற்குப் பிறகு சும்மா கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார், முடியைப் பிரித்து உதறிவிட்டார், இரண்டு சொட்டு அருவித் தண்ணீர் அண்ணாச்சியின் கைமேல் தெறித்தது. ஆறு மணிக்கு டக்கென்று டைமர் திறந்தது.

“உலகு அடுத்த ஆனிக்கும் வரச் சொல்லியிருக்கா,” என்றார் மதினி, குழாயைப் பார்த்துக்கொண்டு.

இனி ஒரு ‘ஆனால்’ வரும், அதில் அணில் வரும், வடிகட்டி வரும், தொட்டி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

“பேட்டரியப் புதுசா மாத்திட்டுப் போ.”

அண்ணாச்சியின் காலடியில் சொட்டிய தண்ணீர் கரிசலில் ஊறி, மெல்ல விரிந்து, நாற்காலிப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது தன் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததைப் பார்த்ததும், மதினி கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, நாற்காலிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.